ஸ்டாச்சு! (அல்லது) வேகமான பொட்டியை மெதுவாக்கிப் பார்ப்பது எப்படி?

ஆபீசுல ஆணி ரொம்ப ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. (யாரும் தேடலைங்கிறது வேற விஷயம். அவ்வ்வ்...)

இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மேட்டர். உடனே எஸ்கேப் ஆகிடாதீங்க. புரோகிராம் ஒரு வரி கூட எழுதப் போறதில்லை. போன்ல வெப்சைட் பார்க்கிற எல்லாருக்கும் இதுல சம்பந்தம் இருக்கு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். என்னோட கொசுவத்தி இல்லை, எங்க மாமாவோடது. மதுரையில டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தவர், தொண்ணூறுகள்ல அதையே கம்ப்யூட்டர் சென்டரா மாத்தினார். செருப்பை வாசல்ல கழட்டிட்டு, ஏசி ரூமுக்குள்ள பயபக்தியோட போன காலம். அந்தப் பொட்டிகள்ல 'டர்போ'ன்னு ஒரு பட்டன் இருக்குமாம். அதை அமுக்கினா பறக்கும்னு வர்ற பசங்ககிட்ட பந்தா விடுவாராம்.

ஆனா அந்த பட்டனோட நிஜ வேலை நேர் எதிர். பொட்டியை மெதுவாக்குறதுக்குத்தான் அதை வச்சாங்க. 1981ல வந்த ஐபிஎம் பிசியோட 8088 பிராசசர் 4.77 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுச்சு. அந்தக் காலத்து கேம்ஸ் சிலது கடிகாரத்தைப் பார்க்காது, பிராசசர் ஓடுற வேகத்தையே கடிகாரமா நம்பிக்கிட்டு இருக்கும். பின்னாடி 8, 10 மெகாஹெர்ட்ஸ்னு வேகமான பொட்டிகள் வந்ததும் அந்த கேம்ஸ் எல்லாம் பேய் பிடிச்ச மாதிரி ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஆடுறவன் கையை எடுக்கறதுக்குள்ள ஆட்டம் குளோஸ். அதனால பழைய வேகத்துக்கு இறக்க ஒரு பட்டன். 'மெதுவாக்கும் பட்டன்'னு பேர் வச்சா எவன் காசு குடுத்து வாங்குவான்? அதான் 'டர்போ'. மார்க்கெட்டிங் நுண்ணரசியல் அப்பவே இருந்திருக்கு பாருங்க :-)

இப்ப நான் சம்பளம் வாங்குற வேலையில பாதி அதே பட்டனை அமுக்குறதுதான். ஒரு வித்தியாசம். அப்ப பழைய புரோகிராமுக்காக புதுப் பொட்டியை மெதுவாக்கினாங்க. இப்ப நாம எழுதுற புது புரோகிராம் அடுத்தவங்களோட சின்ன போன்ல என்ன பாடு படும்னு பார்க்கறதுக்காக நம்ம பொட்டியை மெதுவாக்குறோம்.

*

சரி, மேட்டருக்கு வருவோம். வெப்சைட் ஸ்லோன்னு சொன்னாலே நம்மாளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை 'நெட்டு'. "நெட்டு சரியில்ல சார், டவர் கிடைக்கலை சார்." அது ஒரு காலத்துல உண்மை. 2015ல ஃபேஸ்புக் கம்பெனியில '2ஜி செவ்வாய்க்கிழமை'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் தங்களோட ஆப் 2ஜி வேகத்துல எப்படி இருக்கும்னு ஊழியர்கள் அனுபவிச்சுப் பார்க்கலாம். இந்தியா மாதிரி நாடுகள்ல இருக்கறவங்க படுற கஷ்டம் கலிஃபோர்னியாவுல ஏசியில உட்கார்ந்திருக்கவங்களுக்குப் புரியணும்னு.

நல்ல எண்ணம். ஆனா 2016 செப்டம்பர்ல இங்க ஜியோ வந்துச்சு. அதுக்கப்புறம் பட்டிதொட்டியெல்லாம் 4ஜி. குழாய் பெருசாகிடுச்சு, தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. ஆனா பிடிக்கிற குடம் அதே பழைய குடம். அதான் நம்ம கையில இருக்குற போனோட பிராசசர்.

ஒரு 200 கேபி படமும், 200 கேபி ஜாவாஸ்கிரிப்டும் நெட்டுல வர்றதுக்கு ஒரே நேரம்தான் ஆகும். வந்தபிறகுதான் கதையே. படத்தை விரிச்சுக் காட்டினா வேலை முடிஞ்சது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படியில்லை. சுருக்கி அனுப்பினதை முதல்ல விரிக்கணும், விரிச்சா மூணு நாலு மடங்கு ஆகும். அப்புறம் அதைப் படிச்சு, புரிஞ்சு, மெஷினுக்குத் தோதா மாத்தி, கடைசியா ஓட்டணும். இதுல பெரும்பகுதி 'மெயின் த்ரெட்'னு சொல்ற ஒரே ஆள் தலையில விழும். நீங்க பட்டனை அமுக்கினா "என்ன?"னு கேட்க வேண்டிய ஆளும் அவரேதான். அவர் மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தா, நீங்க கத்துறது காதுல விழாது.

கூகிள்ல இருந்த ஆடி ஒஸ்மானி 2018ல ஜாவாஸ்கிரிப்டோட செலவைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். சிஎன்என் தளத்தோட ஜாவாஸ்கிரிப்டைச் செரிக்க ஐபோன் 8க்கு சுமார் 4 விநாடி, நடுத்தர போனான மோட்டோ ஜி4க்கு சுமார் 13 விநாடின்னு அதுல கணக்கு காட்டியிருந்தார். ஒரே தளம், ஒரே கோப்பு. வித்தியாசம் பூரா போனுக்குள்ள.

அந்தக் கட்டுரை படிச்சதுல இருந்து, "எங்க ஊர்ல டவர் நல்லாத்தான் இருக்கு, ஆனா சைட்டு ஓப்பன் ஆகமாட்டேங்குது"ன்னு யாராச்சும் சொன்னா எனக்குச் சிரிப்பு வர்றதில்லை.

*

இப்ப நம்ம நவீன டர்போ பட்டன். குரோம்ல டெவ்டூல்ஸ் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனீங்கன்னா சிபியுவை 4 மடங்கு, 6 மடங்கு, 20 மடங்கு மெதுவாக்குற வசதி இருக்கும். 4 மடங்கைத் தேர்ந்தெடுத்து நம்ம சைட்டைத் திறந்தா, வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு இருந்தது களிமண்ணுல மாட்டின டிவிஎஸ் எக்செல் மாதிரி திணறும்.

இது உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு தேடிப் படிச்சப்ப குபீர்னு சிரிச்சுட்டேன். பிராசசர் வேகத்தை அது தொடறதே இல்லை. சின்ன வயசுல 'ஸ்டாச்சு' விளையாடியிருக்கீங்களா? ஓடிக்கிட்டு இருக்கவனைப் பார்த்து "ஸ்டாச்சு!"ன்னா அப்படியே சிலையா நிக்கணும். அதேதான். குரோம் பக்கத்துல இன்னொரு த்ரெட்டை உட்கார வச்சு, மெயின் த்ரெட்டை ஒரு மில்லிசெகண்டுல எத்தனையோ தடவை "ஸ்டாச்சு! ஓடு! ஸ்டாச்சு! ஓடு!"ன்னு விரட்டுது. 4 மடங்குன்னா, நாலுல ஒரு பங்கு நேரம்தான் ஓட விடும். மிச்சம் மூணு பங்கு சிலை.

இதோட பலன் என்னன்னு சின்னதா ஒரு கணக்கு. ஒரு வேலை 50 மில்லிசெகண்டைத் தாண்டினா அதை 'நீளமான வேலை'ன்னு பிரவுசர் குறிச்சு வைக்கும். என் லேப்டாப்புல ஒரு வேலை 30 மில்லிசெகண்ட் எடுக்குதுன்னு வைங்க. கோட்டுக்கு உள்ளே இருக்கு, எவன் கண்ணுலயும் படாது. 4 மடங்குல அது 120. சிவப்புக் கொடி காட்டி, "நான்தான் திருடன்"னு தானா வந்து நிக்கும். பட்டனை அமுக்கினதுல இருந்து திரையில ஏதாவது மாறுற வரைக்கும் 200 மில்லிசெகண்டுக்குள்ள முடிஞ்சா நல்லதுன்னு கூகிள் ஒரு அளவு வச்சிருக்கு. ஐஎன்பின்னு பேர். 2024 மார்ச் 12லேர்ந்து இதுதான் அதிகாரபூர்வ அளவு. லேப்டாப்புல 60 எடுக்குற வேலை, 4 மடங்குல 240. ஃபெயிலு.

ஆக, திருடனைப் பிடிக்க இது அருமையான கருவி. பிரச்சனை எங்க ஆரம்பிக்குதுன்னா, "4 மடங்கு போட்டு டெஸ்ட் பண்ணிட்டேன், இனி எந்த போன்லயும் ஓடும்"னு நம்மாளுங்க சத்தியம் பண்ணும்போது.

முதல் கேள்வி, எதுல 4 மடங்கு? என் பக்கத்து சீட்டு நண்பர்கிட்ட புத்தம்புது மேக்புக். எங்கிட்ட ஆபீஸ் குடுத்த அஞ்சு வருஷத்துப் பழைய பொட்டி, கூடவே ஃபேன் சத்தம் இலவசம். ரெண்டுலயும் 4 மடங்கு போட்டு ஒரே பக்கத்தைத் திறந்தா, அவருது மெதுவாக்கின பிறகும் ஜம்முன்னு வருது. என்னுது முக்கி முனகுது. ஏன்னா 4ங்கிறது பெருக்கல்தானே ஒழிய அளவு இல்லை. பணக்காரன் சொத்துல நாலுல ஒரு பங்கும், ஏழை சொத்துல நாலுல ஒரு பங்கும் ஒண்ணாகுமா? இன்னிக்கு இருக்குற நல்ல லேப்டாப்போட ஒரு கோரையும், நாலஞ்சாயிரம் ரூபாய்க்கு வித்த பழைய போனோட ஒரு கோரையும் ஒப்பிட்டா பத்து மடங்குக்கு மேலயே வித்தியாசம் வரும். அதாவது வருஷா வருஷம் நம்ம பொட்டி வேகமாக வேகமாக, அதே '4 மடங்கு' பொய்யாகிக்கிட்டே போகுது. யாரும் எதையும் மாத்தலை, ஆனா டெஸ்ட் மட்டும் சுலபமாகிடுச்சு!

குரோம்காரங்களுக்கும் இது உறைச்சிருக்கணும். 2025 மார்ச்சுல வந்த 134ஆம் பதிப்புல, முதல்ல உங்க பொட்டியோட வேகத்தை அளந்து, "உன் பொட்டிக்கு நடுத்தர போன் மாதிரி தெரியணும்னா இத்தனை மடங்கு, கீழ்மட்ட போன் மாதிரி தெரியணும்னா இத்தனை மடங்கு"ன்னு கணக்குப் போட்டுத் தர்ற வசதியைக் கொண்டு வந்தாங்க. சில விநாடி வேலைதான். இன்னும் பண்ணாதவங்க இந்தப் பதிவைப் பாதியில விட்டுட்டுப் போய்ப் பண்ணிட்டு வந்தாலும் கோச்சுக்க மாட்டேன்.

ரெண்டாவது, ஸ்டாச்சு சொல்லி நிறுத்தி நிறுத்தி ஓட விட்டாலும், ஓடுறவன் ஓட்டக்காரன்தான். ஓடுற அந்தக் கொஞ்ச நேரத்துல அவன் கால் நீளம் குறையாது. பழைய சின்ன போன்கள்ல பெரும்பாலும் இருக்குறது ஏஆர்எம் கம்பெனி வடிவமைச்ச கார்டெக்ஸ் ஏ53 மாதிரி கோர். அது கட்டளைகளை வரிசையாத்தான் எடுக்கும். ஒரு தகவல் மெமரியில இருந்து வர லேட்டானா, பின்னாடி இருக்கறது எல்லாம் ரேஷன் கடை க்யூ மாதிரி காத்திருக்கும். லேப்டாப் கோர் அப்படியில்லை. "அது வர்றப்ப வரட்டும்"னு க்யூவுல பின்னாடி நிக்கறவங்களைக் கூப்பிட்டு வேலையை முடிச்சுக்கும். பக்கத்துலயே பெரிய கேஷ் வேற. அதனால மெமரியை அடிக்கடி தேடி ஓடுற மாதிரி வேலைகள், 4 மடங்கு கணக்குல தெரியறதை விட நிஜ போன்ல இன்னும் மோசமா இருக்கும்.

மூணாவது, இந்த ஸ்டாச்சு மெயின் த்ரெட்டுக்கு மட்டும்தான். பின்னணியில ஓடுற வெப் வொர்க்கருக்கு பாதிப்பு இல்லை. படம் வரையிற ஜிபியுவும் மெதுவாகாது. ரேம் குறையாது. 2ஜிபி ரேம் போன்ல வாட்ஸ்அப், யூட்யூப், இன்னும் நாலு ஆப் திறந்து கிடக்க, நடுவுல நம்ம பக்கம் மூச்சு விட இடமில்லாம தவிக்கறதை லேப்டாப் காட்டாது. வெயில்ல பஸ்ல போகும்போது போன் சூடாகித் தானே வேகத்தைக் குறைச்சுக்கும் பாருங்க, அதையும் காட்டாது.

நாலாவது, லைட்ஹவுஸ் மார்க். கிளையன்ட் எல்லாம் "ஸ்கோர் 90 வேணும்"னு ஒத்தக் கால்ல நிப்பாங்களே, அதேதான். மொபைல் டெஸ்ட்டுக்கு 4 மடங்கு மெதுன்னு அது சொல்லும். ஆனா சாதாரணமா அது எதையும் மெதுவாக்கி ஓட்டறதில்லை. முழு வேகத்துல ஓட்டிட்டு, பிறகு "இதுவே மெதுவான போனா இருந்தா இவ்வளவு ஆகியிருக்கும்"னு கணக்குப் போட்டுச் சொல்லுது. ஜாதகம் மாதிரி. பலன் பெரும்பாலும் ஒத்துவரும், ஆனா கல்யாணம் பண்ணிக்கிட்டு வாழப்போறது நாமதான்.

*

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, எவனோ ரெண்டு விநாடி லேட்டா பார்த்தா குடியா முழுகிடும்னு நீங்க கேட்கலாம். எங்க டேமேஜர் கேட்டார். அதுக்கு முன்னாடி எங்க அத்தை கதையைச் சொல்லிடறேன்.

அத்தை சோழவந்தான் பக்கம் தையல் கடை வச்சிருக்காங்க. நான் காலேஜ் படிக்கிறப்ப 2018ல வாங்கின ரெட்மி 5ஏ போன் அவங்ககிட்டதான் போச்சு. 2ஜிபி ரேம், நாலு ஏ53 கோர். 2023 ஜூன்ல அத்தை பொண்ணுக்கு ஹாஸ்டல் அட்மிஷன். எந்த ஹாஸ்டல்னு வேணாம். ஆன்லைன்ல விண்ணப்பம், கடைசி நாள். நான் லீவுல போயிருந்தேன். அத்தை தானே பூர்த்தி பண்ணிக்கிறேன்னு சொல்லிட்டாங்க. ரொம்ப ரோஷக்காரங்க.

கடைசியில இருக்குற 'சமர்ப்பி' பட்டனை அமுக்கினாங்க. ஒண்ணும் ஆகலை. பட்டன் நிறம் கூட மாறலை. கொஞ்ச நேரம் பார்த்துட்டு மறுபடி அமுக்கினாங்க. அப்புறம் அழுத்தி அமுக்கினாங்க. நகத்தால தட்டினாங்க. திடீர்னு பக்கம் மொத்தமும் எகிறிக் குதிச்சு, முதல் பக்கத்துக்குப் போயிடுச்சு. அடிச்ச எதுவும் இல்லை.

நான் "விடுங்கத்தை, சைட்டு மோசம்"னேன். அத்தை போனை மடியில வச்சுக்கிட்டு, "இல்லய்யா, நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன். எனக்கு இதெல்லாம் வராதுய்யா"ன்னாங்க.

முப்பது வருஷமா இஞ்ச் டேப்பைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஆளைப் பார்த்தே அளவு சொல்ற மனுஷி. தன்னால முடியாதுன்னு அவங்க சொல்லி நான் கேட்டதே இல்லை. விண்ணப்பத்தை என் போன்ல போட்டு முடிச்சோம், அந்தப் பொண்ணு இப்ப நல்லா படிக்குது. ஆனா அந்த வார்த்தை மட்டும் எங்கிட்டயே தங்கிடுச்சு.

பைக் ஸ்டார்ட் ஆகலைன்னா கம்பெனிக்காரனைத் திட்டுறோம். மிக்ஸி புகைஞ்சா கடைக்காரனைத் திட்டுறோம். வெப்சைட் தொங்கினா மட்டும் நம்ம ஜனங்க தங்களையே திட்டிக்கிறாங்க. "எனக்குப் படிப்பில்லை, எனக்கு இங்கிலீஷ் தெரியலை, எனக்கு வயசாயிடுச்சு." அந்த ரெண்டு விநாடியோட விலை அதுதான்.

*

இப்ப டேமேஜர் கதை. போன வருஷம் ஒரு கிளையன்ட்டுக்கு விண்ணப்பப் படிவம் ஒண்ணு பண்ணினோம். மாவட்டம், வட்டம், ஊர்னு தேர்ந்தெடுக்கணும். ஊர் பட்டியல்ல ஆயிரக்கணக்குல பேர். எழுத்து அடிக்க அடிக்க, பட்டியல் சுருங்கிக்கிட்டே வரும். பார்க்க அழகா இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தப் பட்டியலையும் புதுசா வரையிற மாதிரி அது அமைஞ்சிருந்துச்சு. லேப்டாப்புல ஒரு எழுத்துக்கு 25 மில்லிசெகண்ட். கண்ணுக்கே தெரியாது.

4 மடங்கு போட்டேன், 100 ஆச்சு. லேசா இழுக்குது, ஆனா ஓடுது. கீழ்மட்ட போன் அளவுக்கு இறக்கினேன், கால் விநாடியைத் தொட்டுச்சு. கால் விநாடிதானேன்னு நினைக்காதீங்க, ஒரு எழுத்துக்குக் கால் விநாடி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் இங்கிலீஷ்ல ஊர் பேரை அடிச்சா 14 எழுத்து. மூன்றரை விநாடி! பெரிய ஊர் பேர்ல பிறந்தது ஒரு குத்தமாய்யா?

ரிலீசுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது இதைப் பேச்செடுத்தேன். டேமேஜர் தன்னோட போன்ல (விலையைச் சொன்னா உங்களுக்கு நெஞ்சு வலிக்கும்) திறந்து காட்டி, "நல்லாத்தானே ஓடுது? இந்தக் காலத்துல அந்த மாதிரி போன் எவன் வச்சிருக்கான்?"னார்.

வாதாடிப் பிரயோஜனம் இல்லை. கிராஃபையும் ரிப்போர்ட்டையும் காட்டினா, "அது சிமுலேஷன்தானே"ன்னு சொல்லிடலாம். சொல்லவும் செஞ்சார். அதுல ஓரளவு நியாயமும் இருக்கு, மேலே நானே நாலு குறை சொல்லியிருக்கேனே. அதனால ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 2ஜிபி ரேம்ல பழைய போன் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்தேன். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் கையில குடுத்து, "சார், உங்க சொந்த ஊர் பேரைப் போட்டு இதுல ஒரே ஒரு விண்ணப்பம் அனுப்புங்க, போதும்"னேன்.

அவர் அடிக்கிறார், எழுத்து வரலை. மறுபடி அடிக்கிறார், மூணு எழுத்து சேர்ந்து வருது. அழிக்கிறார், அதிகமா அழியுது. அனுப்பும் பட்டனை அமுக்குறார், ஒண்ணும் ஆகலை. ரெண்டாவது தடவை அமுக்கினார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?"ன்னு கேட்டார்.

நான் பதில் சொல்லலை. அவருக்கே புரிஞ்சிடுச்சு. போனைத் திருப்பிக் குடுத்துட்டு, "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"னார்.

ஒரு நாள்தான் ஆச்சு. எழுத்து அடிச்சு நிறுத்தின பிறகு மட்டும் தேடுற மாதிரி மாத்தினோம். முதல் இருபது ஊரை மட்டும் வரைஞ்சோம். தேதி தேர்ந்தெடுக்க வச்சிருந்த குண்டு லைப்ரரியைத் தூக்கிட்டு, பிரவுசர்லயே இருக்குறதைப் போட்டோம். ரொம்ப முக்கியமா, பட்டனை அமுக்கின உடனே முதல் வேலையா 'அனுப்பிக்கொண்டிருக்கிறோம், காத்திருக்கவும்'னு காட்டிட்டு, அதுக்கப்புறம்தான் மத்த சரிபார்ப்பு எல்லாம். கடைசியில சொன்னது போனை வேகமாக்காது. ஆனா "உன் விரல் பட்டது எனக்குத் தெரியும்"னு மரியாதையா ஒரு பதில் சொல்லும்.

*

இப்ப நான் கடைப்பிடிக்கிற சில பழக்கங்கள். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. உங்களுக்கும் உதவலாம்.

1. 4 மடங்குங்கிற எண்ணை நம்பாம, பொட்டியை முதல்ல அளந்துட்டு அது சொல்ற மடங்கைப் போடுறேன். பொட்டி மாறினா மறுபடி அளக்கிறேன்.

2. அளக்கும்போது லேப்டாப் சார்ஜர்ல இருக்கணும். பின்னணியில எதுவும் கம்பைல் ஆகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் தொல்லை இல்லாம இருக்க இன்காக்னிட்டோ ஜன்னல். அஞ்சு தடவை ஓட்டி, வரிசைப்படுத்தி நடுவுல வர்ற எண்ணை எடுத்துக்கிறேன். நல்லதா வந்த ஒண்ணை மட்டும் எடுத்து ரிப்போர்ட்ல போடுறது நமக்கு நாமே வச்சுக்கிற உள்குத்து.

3. மெதுவாக்கின பிறகு வர்ற விநாடிக் கணக்கை யார்கிட்டயும் சொல்றதில்லை. எந்த வேலை நீளமா நிக்குதுன்னு அடையாளம் காணத்தான் அது. "இந்த ஃபங்ஷன்தான் திருடன்"னு சொல்லலாம். "போன்ல சரியா 2.3 விநாடி ஆகும்"னு சொல்லக் கூடாது.

4. ரிச்சி ஸ்ட்ரீட் போன் இப்பவும் என் மேஜையிலதான் இருக்கு. யூஎஸ்பி ஒயர் போட்டு லேப்டாப்புல இணைச்சா, அதுல ஓடுற பக்கத்தை அதே டெவ்டூல்ஸ்ல பார்க்கலாம். இங்க ஸ்டாச்சு தேவையே இல்லை. ரிலீசுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அதுல விண்ணப்பத்தை முழுசா அனுப்பிப் பார்க்கிறோம். யார் அனுப்புறதுன்னு டீம்ல முறை வச்சிருக்கோம். டேமேஜருக்கும் முறை உண்டு.

5. நிஜ ஜனங்ககிட்ட இருந்து வர்ற கணக்கைப் பார்க்கிறேன். ஆனா அதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஐஎன்பி மாதிரி அளவுகள்ல 75ஆவது சதமானத்தைத்தான் பார்ப்பாங்க. நூறு தடவையில எழுபத்தஞ்சு தடவை நல்லா ஓடினா பாஸ். மிச்சம் இருபத்தஞ்சு எப்படி இருந்தாலும் கேள்வி கிடையாது. அது கூடப் பரவாயில்லை. பக்கம் திறக்கறதுக்கு முன்னாடியே வெறுத்துப் போய் மூடிட்டுப் போனவங்க பலர் அந்த நூறுலயே வரமாட்டாங்க. "எங்க சைட்டுக்கு சின்ன போன்ல இருந்து யாருமே வர்றதில்லையே"ன்னு ஒரு மீட்டிங்ல ஒருத்தர் சொன்னார். படிக்கட்டு மட்டும் இருக்குற ஆபீசுக்கு சக்கர நாற்காலியில யாரும் வர்றதில்லைன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு.

பொட்டியை மெதுவாக்குறதால அடுத்தவங்க கஷ்டம் முழுசாப் புரிஞ்சிடும்னு நான் சொல்லலை. அது ஒரு தோராயம், அதுவும் கொஞ்சம் பொய் சேர்ந்த தோராயம். ஆனா முழு வேகத்துல மட்டும் ஓட்டிப் பார்க்கறது அதைவிடப் பெரிய பொய். பொட்டி தட்டுற மகா ஜனங்களே, திங்கள்கிழமை ஆபீஸ் போனதும் அந்த டர்போ பட்டனை ஒருதடவை அமுக்கிட்டு, உங்க சைட்டுல உங்க ஊர் பேரை அடிச்சுப் பாருங்க. கோவம் வந்தா நல்லது. அந்தக் கோவம் போனுக்காரர் மேல திரும்பாம நம்ம மேல திரும்பினா இன்னும் நல்லது.

உங்க ஆபீஸ்ல மெதுவான போன் வச்சு டெஸ்ட் பண்றீங்களா, எந்த போன், எப்படின்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டுறவங்களும் வரலாம், கும்மிக்குத் தடையில்லை :-)

டிஸ்கி 1: எங்க டேமேஜர் இந்தப் பக்கமெல்லாம் படிக்கமாட்டார்ங்கிற தைரியத்துல எழுதினது. படிச்சுட்டீங்கன்னா சார், நீங்கதான் இந்தப் பதிவோட ஹீரோ.

டிஸ்கி 2: ரிச்சி ஸ்ட்ரீட் போனுக்குக் குடுத்த காசை ஆபீஸ்ல கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். அந்த ஃபைல் எந்த போனை விடவும் மெதுவா நகருது.